குளியாதார் இயல்: குரூப்-பை குறித்து ஓர் அருவிக்கரை ஆராய்ச்சி

பாயிரம்

ஒரு பட்டியலில் கிடக்கும் பொருள்களை, அவற்றுள் காணப்படும் பண்பு ஒன்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு கூறு கூறாகப் பிரித்து வைத்தல், நிரல் எழுதுவோரிடையே குரூப்-பை என வழங்கும்; அப்பண்பு கீ எனப்படும். மூன்று வரியில் முடிந்துவிடும் இச்செயலுக்கு எதற்கு ஆராய்ச்சி என்பார் உளர். ஏழு சீர்க் குறளுக்கு ஏழு பக்கம் உரை கண்ட மரபில் வந்தவர்கள் அப்படிக் கேட்கலாகாது.

ஆய்வுக் களமாகத் தென்காசியும் குற்றாலமும் கொள்ளப்பட்டன. காரணம் மூன்று. தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. முந்தின நாள்வரை ஒரு குழுவில் இருந்த ஊர்கள் மறுநாள் வேறு குழுவில் இருந்தன. ஆயின் எந்த ஊரும் இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகரவில்லை. குழு என்பது பொருளில் இல்லை, பிரிப்பவர் கேட்கும் கேள்வியில் இருக்கிறது என்பதற்கு அரசிதழிலேயே சான்று கிடைப்பது ஆய்வாளனுக்குப் பெரும்பேறு. இரண்டாவது, ஊருக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் இயங்கி வருகிறது. வாடிக்கையாளர் முறையீடுகளைக் கையாளும் அதன் ‘டெஸ்க்’ மென்பொருள் வளர்ந்த இடம் அதுவே. ஆகையால் இம்மலையடிவாரத்தில் நின்று பட்டியல், கீ, குழு என்று பேசினால் திரும்பிப் பார்ப்பவர் இல்லை. மூன்றாவது, ஆனி ஆடியில் இங்கே சாரல் விழும். மூன்றாவதை முதலாவதாக எழுதினால் பயணப்படி கிடைக்காது என்பதால் இவ்வரிசை.

ஆய்வு எல்லை: ஆரியங்காவுப் பக்கத்துப் பாலருவி விலக்கப்பட்டது. அதே மலைத்தொடர், அதே மழை. ஆயினும் கேரளத்துக்குள் விழுவதால் இவ்வாய்வுக்குள் விழாது.

நூற்பாவும் உரையும்

இலக்கணம் இல்லாப் பொருள் இல்லை என்பதால், கட்டுரையாளரே ஒரு நூற்பா செய்து, அதற்குக் கட்டுரையாளரே உரையும் செய்தார்.

கேள்வி ஒன்றைக் கூட்டத்து முன்வைத்து
விடைவழி நிறுத்தல் குழுவெனப் படுமே.

என் நுதலிற்றோ எனின், குழு பிரிக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று. ‘ஒன்றை’ என்றதனால், இரண்டு கேள்வி ஒருங்கே கேட்பது இவ்விடத்து ஆகாது என்பது பெற்றாம். ‘கூட்டம்’ எனப் பொதுப்படக் கூறினமையால், வேனில் வந்தார், அரசுப் பேருந்தில் வந்தார், பைக்கில் மூவராக வந்தார் எல்லாரையும் கொள்க. ‘நிறுத்தல்’ என்றதனால் உட்காரவைத்தல் விலக்கப்பட்டது. விலக்கப்பட்டவர் பின்னர் வருவார். ஏகாரம் தேற்றம், அசைநிலை என்பாரும் உளர், இரண்டாயினும் அருவியில் தண்ணீர் குறையப்போவதில்லை. உதாரணம் வந்துழிக் காண்க.

இந்த ‘வந்துழிக் காண்க’ பற்றி ஒரு சொல். உரையாசிரியர் கையில் உதாரணம் இல்லாதபோது இது வரும். இன்றைய மென்பொருள் கையேடுகளில் இதே இடத்தில் ‘விவரம் விரைவில்’ என்றிருக்கும். நூற்பாவின் தலையில் உள்ள சொல்லை அதன் வாலில் உள்ள சொல்லோடு கொண்டுபோய் முடிச்சுப்போடும் கலையில் நச்சினார்க்கினியரை மிஞ்ச ஆளில்லை. அவர் இன்று நிரல் எழுதியிருந்தால் நிரல் ஓடியிருக்கும். பிறர் யாரும் அதில் கைவைத்திருக்க மாட்டார்கள்.

பாமரர் பொருட்டு விளக்கம்: மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வேனில் குற்றாலம் வருகிறது என்க. ஒவ்வொருவரும் ஓர் ஆப்ஜெக்ட். பெயர், வயது, துண்டின் நிறம், இட்லியா புரோட்டா என்பன அவர்தம் பண்புகள். வெறும் ஆப்ஜெக்ட் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியது. வேனிலிருந்து ஒவ்வொருவராக இறக்கி, ‘துண்டு என்ன நிறம்?’ என்று கேட்க வேண்டியது. அந்த நிறத்தில் ஏற்கெனவே ஒரு வரிசை இருந்தால் அதன் வாலில் சேர்க்க வேண்டியது. இல்லையேல் புதிதாக ஒரு வரிசை தொடங்க வேண்டியது. அவ்வளவுதான். இதற்குமேல் சொல்ல எதுவும் இல்லாததால் இனி விரிவாகக் காண்போம்.

முச்சங்க வரலாறு

குழு பிரிக்கும் நிரலாளர் மூன்று சங்கத்தார். முதற்சங்கத்தார் ஃபார் லூப் எழுதுவர். அவர் நிரல் எல்லாருக்கும் புரியும். அதனால் அதற்கு மதிப்பில்லை. இடைச்சங்கத்தார் ரெட்யூஸ் என்னும் ஒற்றைக் கருவியால் எல்லாவற்றையும் ஒரே வரியில் சுருட்டுவர். பழைய சங்க நூல்கள் கடல்கோளால் அழிந்தன என்பர். இடைச்சங்க நிரல்கள் கடல் கொள்ளாமலே, எழுதியவருக்கே அடுத்த மாதம் புரியாமல் அழிந்தன. கடைச்சங்கத்தார் மொழியிலேயே உள்ள கருவியைக் கூப்பிட்டுவிட்டு டீ குடிக்கப் போவர்.

கருவி மொழிக்குள் வந்த வரலாறு சிரிக்கத்தக்கது. 1974-இல் ஐபிஎம்மில் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் வகுத்த சீக்வல் என்னும் தரவுத்தள மொழியின் வழிவந்த எஸ்கியூஎல்லில் குழு பிரித்தல் அன்றாடச் சோறு. 1995-இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்டிலோ, இது தர நூலில் ஏறியது 2024-இல். இடையில் அம்மொழியார் லோடாஷ் முதலிய அயல் நூலகங்களில் கைமாற்று வாங்கிக் காலம் தள்ளினர். ஏன் இத்தனை தாமதம் எனின், பெயர் கிடைக்கவில்லை. முதலில் அரே எனப்படும் பட்டியலின் உறுப்பாகக் குரூப்-பை என்றே வைக்க எண்ணினர். சுகர் என்னும் பழைய நூலகம் அதே பெயரில் வேறு விதமாக நடக்கும் ஒன்றை முன்னமே அரேக்குள் செருகிவிட்டிருந்தது. அதை நம்பிய பழைய தளங்கள் உடையும் எனத் தெரிந்தது. சரி, குரூப் என்று சுருக்குவோம் என்றனர். அரேயை ஆப்ஜெக்ட்போல் எண்ணிக் கண்ட பெயரிலெல்லாம் அதில் மதிப்பைத் திணித்து வைத்திருந்தோரின் நிரல்கள் அதிலும் இடறின. இறுதியில் அரேயின் வீட்டிலேயே வேண்டாம் என்று, ஆப்ஜெக்டிடம் ஒன்றும் மேப் என்னும் இன்னொரு தொகுப்பிடம் ஒன்றுமாகக் கொடுத்துவிட்டனர். பிள்ளைக்குப் பேர் வைக்கும் சண்டையில் பிள்ளையைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிய கதை இது.

அவ்வாறு கிடைக்கும் ஆப்ஜெக்டுக்கு முன்னோர் இல்லை. பிறவியிலேயே சொத்தாக வரும் பெயர்கள் கீயோடு மோதிக்கொள்ளக் கூடாதென்று வம்சத்தையே அறுத்துவிட்டார்கள். தென்காசிப் பக்கம் பங்காளிச் சண்டையில் சிக்கியவர்கள் இவ்வேற்பாட்டைக் கேட்டுப் பெருமூச்சு விட்டனர் (பழைய பேருந்து நிலைய டீக்கடை பெஞ்சு, இடது முனை, வாய்மொழி).

முன்னோர் கண்ட குழு

தமிழாய்வு என்றால் சங்க இலக்கியம் வராமல் தீராது. விதி.

எட்டுத்தொகையுள் நான்கு முதல் எட்டு அடி வரையிலான அகப்பாட்டு குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று அகநானூறு. தொகுத்தோர் கேட்ட கேள்வி, எத்தனை அடி என்பது. தலைவி உருகி உருகிச் சொன்னதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, என்ன சொன்னாள் என்று கேளாமல் எவ்வளவு நீளம் சொன்னாள் என்று கேட்ட நெஞ்சுரம் வேறெந்த நாட்டுப் புலவர்க்கும் வாய்க்குமோ அறியேம். குறுந்தொகையில் 307, 391 ஆகிய இரண்டு பாட்டு மட்டும் ஒன்பது அடி. விதிப்படி அவை நற்றிணைக் குழுவுக்குப் போயிருக்க வேண்டும். பூரிக்கோ தொகுத்த குறுந்தொகையில் எல்லை எண் ஒன்று பிசகியிருக்கிறது. நிரலாளர் அனைவரும் நாள்தோறும் செய்யும் ‘ஒன்று பிசகும் பிழை’யை உலகுக்கு முதலில் அளித்தவன் தமிழனே என்பது இதனால் நிறுவப்பட்டது.

அகநானூற்றின் உள்ளமைப்பு இதனினும் வியப்பு. பாட்டின் எண் ஒற்றைப்படையாயின் பாலை. இரண்டிலோ எட்டிலோ முடிந்தால் குறிஞ்சி. நான்கு எனில் முல்லை, ஆறு எனில் மருதம், பூச்சியம் எனில் நெய்தல். ஆகப் பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் நாற்பது நாற்பது, கூட்டினால் 400. பாட்டைப் படிக்கவே வேண்டாம்; எண்ணைப் பத்தால் வகுத்து மீதியைப் பார்த்தால் திணை தெரிந்துவிடும். உக்கிரப்பெருவழுதி தொகுப்பிக்க உருத்திரசன்மன் தொகுத்த இந்நூலில் பாட்டுக்கு எண் கொடுத்தார்களா, எண்ணுக்குப் பாட்டுக் கொடுத்தார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. ஐங்குறுநூறோ நேர்மாறு. மருதம் நூறு, நெய்தல் நூறு, குறிஞ்சி நூறு, பாலை நூறு, முல்லை நூறு என ஐந்து கட்டாகக் கட்டி, கட்டுக்கு ஒரு புலவர் என்று வைத்துவிட்டார் கூடலூர் கிழார்.

இவ்விரு நூலையும் பைத்தான் மொழியிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அம்மொழியின் இட்டர்டூல்ஸ் பெட்டியில் குரூப்-பை என்றொரு கருவி உண்டு. அது அடுத்தடுத்து நிற்பவரை மட்டுமே ஒரு குழுவாகச் சேர்க்கும். இடையில் வேறொருவர் நின்றுவிட்டால் பழைய குழுவை முடித்துவிட்டுப் புதுக்குழு தொடங்கிவிடும். ஐங்குறுநூற்றைக் கொடுத்தால் ஐந்து குழு, சரியாக. அகநானூற்றைக் கொடுத்தால்? பாலை, குறிஞ்சி, பாலை, முல்லை, பாலை, மருதம், பாலை, குறிஞ்சி, பாலை, நெய்தல். ஒரு திணை இருமுறை சேர்ந்து வருவதே இல்லை. நானூறு பாட்டுக்கும் நானூறு குழு. முதலில் திணைவாரியாக வரிசைப்படுத்திக்கொண்டு பிறகு கொடுக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. கையேட்டை யாரும் படிப்பதில்லை. உரையை மட்டும் படிக்கும் வழக்கம் நமக்கு ஊறிவிட்டது.

இதிலிருந்து ஹாஷ் அட்டவணையின் மூலம் அகநானூறே என்று ஒரு வரி எழுதினால் பன்னாட்டுக் கருத்தரங்கில் கைதட்டல் கிடைக்கும். பன்னாட்டுக் கருத்தரங்கமாவது, ஒரே கல்லூரியின் பேராசிரியர்கள் ஒருவர் கட்டுரைக்கு ஒருவர் தலைமை தாங்க, அயல்நாட்டிலிருந்து ஒருவர் ஸூமில் வந்து ‘நான் பேசுவது கேட்கிறதா?’ என்று கேட்டுவிட்டுப் போவது. கேட்கவில்லை என்று அங்கு யாரும் சொன்னதாகச் சான்று இல்லை. கட்டுரைகள் ஆய்வுக்கோவையாக அச்சேறும். ஆசிரியர்க்குப் புள்ளி ஏறும். கோவை ஆசிரியர் வீட்டுப் பரணில் ஏறும்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறு குழுவாக்கினார். மக்கள் ஆறறிவு, விலங்கு ஐந்தறிவு. குற்றாலத்துக் குரங்கு ஒன்று ஆறறிவினர் ஒருவரின் கைப்பையைப் பறித்து, ஜிப்பைத் திறந்து, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிப் போட்டதைக் கண்ட பிறகு, இவ்விடம் மறு ஆய்வுக்கு உரியது எனக் குறித்துக்கொண்டோம்.

உள்ளூர் வகைகள்

சபைகள். நடராசர்க்குச் சபை ஐந்து. சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருவாலங்காடு இரத்தினம், திருநெல்வேலி தாமிரம். இதுவரை கேட்ட கேள்வி, எதனால் ஆனது என்பது. ஐந்தாவது, குற்றாலம்: சித்திரம். நான்கு பேர் உலோகத்தையும் மணியையும் விடையாகச் சொல்ல, குற்றாலம் மட்டும் சுவரில் என்ன வரைந்திருக்கிறது என்று சொல்கிறது. கீயின் இனத்தை நடுவழியில் மாற்றும் இவ்வழக்கம் நிரலில் பெருங்குற்றம். சித்திரசபைக்குள் நின்று ஓவியத்தைப் பார்க்கும்போது குற்றமாகத் தோன்றாது.

புரோட்டா. குழு பிரிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

அருவிகள். பேரருவியும் சிற்றருவியும் அளவால் பெயர் பெற்றன. ஐந்தருவி எண்ணால். செண்பகாதேவி கோயில் கொண்ட தேவியால். தேனருவி தேனால், புலியருவி புலியால், பழத்தோட்ட அருவி தோட்டத்தால், பழைய குற்றாலம் பழமையால். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பண்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனவே எந்தக் கேள்வியைக் கேட்டாலும் ஓரிரண்டு அருவிகளே விடை சொல்லும், மற்றவை வாய்திறவா. வாய்திறவாதவற்றை நிரல் ‘அன்டிஃபைன்ட்’ என்னும் பெயரில் ஒரு குழுவாக ஒதுக்கும். இக்குழுவை நினைவில் கொள்க. ஐந்தருவி ஒன்றா ஐந்தா என்னும் வழக்கு இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

பழங்கள். சாரல் காலத்தில் கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், முட்டைப்பழம் எல்லாம் குவியும். ஒரு கடையில் மங்குஸ்தான் மூன்று கும்பலாகக் கிடந்தது. நிறமா, பருமனா, தோலின் கனமா என்று கட்டுரையாளர் குறிப்பேட்டோடு நின்று ஆராய்ந்து, இறுதியில் கடைக்கார ஆச்சியிடமே கேட்டார்.

“ஆச்சி, இது எப்படிப் பிரிச்சிருக்கிய?”

“இது இன்னைக்கிப் போயிரணும். இது நாளைக்கிப் போவலாம். அது கார்ல வாரவுகளுக்கு. நீங்க எதுல வந்திய?”

கீ பழத்தில் இல்லை, வாங்குபவரின் வாகனத்தில் இருக்கிறது என்னும் இக்கொள்கை எந்த மொழியின் கையேட்டிலும் காணப்படவில்லை. கட்டுரையாளர் பேருந்தில் வந்ததாகச் சொல்லி, இன்றைக்கே போக வேண்டிய கும்பலில் அரைக்கிலோ பெற்றார்.

கம்பன் பாட்டு. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. கம்பராமாயணத்தை எடுத்து, கம்பன் பாடியது, கம்பன் பாடாதது எனப் பிரித்தார். முன்னதே ‘கம்பர் தரும் ராமாயணம்’. அவர் கீ அவர் காது. இது குரூப்-பை ஆகாது, ஃபில்டர் ஆகும். குரூப்-பை செய்பவர் ஒவ்வாததையும் ஒரு குழுவாக்கித் திண்ணையில் வைப்பார். ஃபில்டர் செய்பவர் சிற்றாற்றில் விட்டுவிடுவார். பண்டிதர்கள் கொதித்தனர். ஏடுகளை எண்ணி, பாடபேதங்களைப் பட்டியலிட்டு, அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு எழுதி மறுத்தனர். அந்த மறுப்புகளை இன்று யார் வைத்திருக்கிறார்கள் என்பதும் ஒருவகை ஃபில்டரே.

குளியாதார் இயல்

இனி இவ்வாய்வின் உயிர்நாடி. நல்கைக் குழுவுக்கு அனுப்பிய சுருக்கத்தில் இவ்வியலுக்கு அரை வரி ஒதுக்கியிருந்தோம்.

பேரருவியில் ஆண்கள் குளிக்க ஒரு பக்கம், பெண்கள் குளிக்க ஒரு பக்கம் உண்டு. மேற்படி வேன் குடும்பத்தை ‘எந்தப் பக்கம் குளிக்கிறார்?’ என்னும் கீயால் பிரித்தால் இரண்டு குழு வரும் என்று இளம் நிரலாளர் எதிர்பார்ப்பார். மூன்று வரும். மூன்றாவது குழுவின் பெயர் அன்டிஃபைன்ட். அதில் ஒரே ஓர் ஆள். அவர் படியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஏழு செல்போன். சட்டைப்பையில் மூன்று மூக்குக்கண்ணாடி. முஷ்டிக்குள் மோதிரங்கள் முடிந்த கைக்குட்டை, வேன் சாவி. தோளில் காய்ந்த துண்டுகள். காலடியில் குடும்பத்துச் செருப்பு அனைத்தும், இணை தப்பாமல். இவரே குளியாதார்.

(இடைப்பிறவரல்: போன சாரலுக்கு அம்மாவோடு பெண்கள் பக்கம் போன பையன் இந்தச் சாரலுக்கு அப்பாவோடு ஆண்கள் பக்கம் போகிறான். எந்த ஆண்டு இது மாறுகிறது என்பதை அம்மாவின் கண் முடிவு செய்கிறது. பையன் அழுது மறுத்தாலும் செல்லாது.)

குளியாதார் ஆவார் அருவிக்கரைவரை வந்தும் அருவிக்குள் புகாதார். லாட்ஜ் அறையிலேயே படுத்துக்கொண்டவர் இவ்வகையுள் அடங்கார். அவர் பட்டியலிலேயே இல்லை. குளித்துவிட்டுக் கரையேறி நிற்போரும் அடங்கார். குளித்து நிற்போரையும் குளியாதாரையும் பிரித்தறிய ஈரத்தலைச் சோதனை போதும் என்று முதலில் கருதினோம்: தலை நனைந்திருந்தால் குளித்தவர், உலர்ந்திருந்தால் குளியாதார். ஆனால் சாரல் எல்லார் தலையையும் நனைக்கிறது. சீசன் அல்லாத நாளில் சாரல் இல்லை, சோதனை செல்லும்; அப்போது அருவியிலும் தண்ணீர் இல்லை. எனவே இச்சோதனை தேவைப்படும் காலத்தில் பயன்படாது, பயன்படும் காலத்தில் தேவைப்படாது. ஆய்வு முறையியலுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் உண்டா?

குளியாமைக்குக் காரணம் பல. முழங்கால் வலி ஒன்று. ஜலதோஷம் வரும் என்னும் அச்சம் ஒன்று. இது பெரும்பாலும் மனைவியால் அறிவிக்கப்படுவது. முந்தின நாள் அடித்த தலைச்சாயம் ஒன்று. இது யாராலும் அறிவிக்கப்படாதது. புது மாப்பிள்ளை முன் துண்டோடு நிற்க மாமனார்க்குள்ள கூச்சம் ஒன்று. வேன் ஓட்டுநர் தனி வகை: அவர் இந்த அருவியை எத்தனை தடவை பார்த்துவிட்டார் என்றால், அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். இக்காரணங்களைக் குளியாதாரிடம் நேரில் கேட்டால் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

“என்ன அண்ணாச்சி, நீங்க குளிக்கலியா?”

“எல்லாரும் போயிட்டா? யாராவது ஒருத்தன் இருக்கணும்லா.”

இவ்வாக்கியம் கரை நெடுகக் கேட்கப்பட்டது. யாராவது ஒருத்தன் இருக்கணும் என்பது உண்மை. அது ஏன் இவராகவே இருக்கணும் என்பதற்கு விடை இல்லை. முதல் தொகுதியினர் குளித்து வந்து, “நீங்க போயிட்டு வாங்க, நாங்க பாத்துக்கிடுதோம்” என்பர். “இருக்கட்டும், இருக்கட்டும்” என்பார் இவர். இவ்விருக்கட்டும், தாத்தா காலத்து வேட்டி முடிச்சிலிருந்து பேரன் காலத்து முதுகுப்பைவரை வழிவழியாக வந்துகொண்டிருக்கிறது (தென்காசி–குற்றாலம் மினி பஸ், பின்னிருக்கை முதுகுப்புறக் கீறல் எழுத்து, மூன்றாம் வரி சிதைவு, சிதைந்த வரியை ‘இருக்கட்டும்’ என நிரப்பிக்கொள்க).

இவரை என்ன செய்வது என்பதில் ஜாவாஸ்கிரிப்டார் இரு பிரிவாக நிற்கின்றனர். ஆப்ஜெக்ட் கொள்கையார் பெரும்பாலும் கீயை எழுத்தாக்கிவிடுவர். கீ இல்லாமையையும் ‘அன்டிஃபைன்ட்’ என்று எழுத்துக்கூட்டிப் பெயராக்கிவிடுவர். உண்மையிலேயே அப்பெயருடையார் ஒருவர் வேனில் வந்திருந்தால் இவரோடு சேர்ந்துவிடுவார், பிரிக்க இயலாது. மேப் கொள்கையார் இல்லாமையை இல்லாமையாகவே வைப்பர். கட்டுரையாளர் மேப் கொள்கையின் பக்கம். குளியாதார்க்குப் பெயர் சூட்டினால் அது நிலைத்துவிடும். அடுத்த ஆண்டும் அவரையே உட்காரவைப்பார்கள்.

எஸ்கியூஎல்லாரின் நிலை இன்னும் நுட்பம். அவர்கள் கோட்பாட்டில் ‘நல்’ எனப்படும் இல்லாமைகள் இரண்டு ஒன்றுக்கொன்று சமம் அல்ல. ஒன்று என்னவென்றே தெரியாதபோது இரண்டும் ஒன்று என்று எப்படிச் சொல்வது? நியாயம். ஆயினும் குழு பிரிக்கும் வேளை வந்தால் அத்தனை நல்லையும் ஒரே குழுவில் போட்டுவிடுவர். இம்முரண் நூல்களில் விளங்குவதில்லை. பேரருவிப் படியில் விளங்கும். ராஜபாளையத்து வேனின் குளியாதாரும் மதுரை வேனின் குளியாதாரும் ஒருவரையொருவர் அறியார். ஊர் வேறு, காரணம் வேறு, மடியிலுள்ள செல்போன் வேறு. ஆனாலும் ஒரே படியில், ஒரே முகத்தோடு உட்கார்ந்திருக்கின்றனர். சற்று நேரத்தில் ஒருவர், “கொஞ்சம் இதையும் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, ஒரு டீ குடிச்சிட்டு வந்துருதேன்” என்று தம் மடிச்சுமையையும் அடுத்தவர் மடியில் வைத்துவிட்டு எழுந்துபோவார். பெயர் தெரியாத ஒருவரை நம்பிப் பெயர் தெரியாத இன்னொருவர் விட்டுச்சென்றவையும் சேர்த்துப் பதினான்கு செல்போனும் பத்திரமாக இருந்தன (நனைந்த துண்டு ஒன்றில் ஈரத்தால் எழுதப்பட்டிருந்த குறிப்பு, துண்டு காய்ந்தபின் படி கிடைக்கவில்லை, காயுமுன் கண்டவர் வாய்மொழி, கண்ட வேளையில் அவர் மூக்குக்கண்ணாடி குளியாதார் சட்டைப்பையில் இருந்தமையால் பாடம் ஐயத்துக்குரியது).

அனுபவம் முதிர்ந்த நிரலாளர் இத்துணைத் தொல்லையும் படமாட்டார். குழு பிரிக்குமுன்பே கீ இல்லாதவரையெல்லாம் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார். தரவைச் சுத்தம் செய்தல் என்று அதற்குப் பெயர். அறிக்கையில் இரண்டு குழு அழகாக வரும். மேலதிகாரி மகிழ்வார். இதைக் கரையில் செய்துகாட்ட வேண்டி, ஒரு குளியாதாரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவரையும் அருவிக்குள் அனுப்பினோம். குடும்பம் முழுவதும் இரண்டே குழுவாகத் தண்ணீரில் நின்றது. கரையில் செருப்புகளுக்கும் சிப்ஸ் பொட்டலத்துக்கும் நடுவே ஐந்தறிவினர் வந்து அமர்ந்தனர். பின் நிகழ்ந்தவை இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஒரு செருப்பு மட்டும் மரத்தின் மேல் இருப்பதாகக் கடைசியாகக் கிடைத்த தகவல்.

எஞ்சியது ஒரு சிறப்பு நேர்வு. மலையில் கனமழை பெய்தால், தண்ணீர் பேரருவியின் ஆர்ச்சைத் தாண்டி வந்து விழும். குளிக்கத் தடை போட்டு, போலீஸார் கயிறு கட்டிவிடுவார்கள். அன்றைக்கு நிரலை ஓட்டினால் ஆண்கள் குழு இல்லை, பெண்கள் குழு இல்லை. வேனில் வந்த எல்லாரும் அன்டிஃபைன்ட். ஒரே குழு, முழுக் குடும்பம். அவரவர் செல்போன் அவரவர் கையில், அருவியைப் படம் எடுத்துக்கொண்டு. நம் குளியாதார் மடியில் ஒன்றும் இல்லை. பழைய குற்றாலத்தில் விடுவார்களா, ஐந்தருவியில் விடுவார்களா என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், அவர் சட்டையைக் கழற்றி மடித்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கயிற்றருகே போய், “சார், எப்ப விடுவிய?” என்று கேட்டதைக் கட்டுரையாளரே கண்டார்.

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நீங்க எந்தக் குரூப்போட வந்திய?”